கண்ணை மூடு, எங்கே தொட்டேன்?

கொதிக்கிற டீ கிளாஸை வெறும் கையில் பிடிப்பதில் பீன்யா தொழிற்பேட்டையிலேயே நான்தான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது...

ஃபேக்டரியில் மற்றவர்கள் துணி சுற்றித்தான் பிடிப்பார்கள். "ஏன் குரு, கையா இரும்பா?" என்பான் பக்கத்து மெஷின் மஞ்சு. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். கொப்புளம் வந்த பிறகும்!

கடைசியில் மனைவிதான் திட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கையில் தேமல் மாதிரி ஒரு வெளிறல். டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். ரொம்ப நேரம்...

"ஆரம்பிங்க மேடம்."

"ஆயித்துப்பா... எல்லா இடத்துலயும் தொட்டு முடிச்சிட்டேன்."

தொழுநோய். என் வீரமெல்லாம் மரத்துப்போன நரம்பின் வேலை.

மாத்திரையில் குணமாகும் என்றார்கள், குணமாகியும் விட்டது. என் பயம் வேறு. அப்போது ஒன்றாம் வகுப்பு படித்த என் மகள் நித்யா தினமும் அந்தக் கையில் தலை வைத்துத்தான் தூங்குவாள்.

ஏதோ ஆராய்ச்சிக்காக வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். மனைவிக்கு ஒன்றுமில்லை. நித்யாவின் ரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது.

"இது நோய் இல்லப்பா. கிருமி உள்ள வந்திருக்கு, உடம்பு அதைப் பார்த்திருக்கு, அவ்ளோதான். நிறைய பேருக்கு ஒண்ணுமே வராது. ஆனா கவனிச்சுக்கிட்டே இருக்கணும்."

பத்தாவதில் கோட்டைவிட்ட மண்டையில் கடைசி வரி மட்டும்தான் ஏறியது.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. எண்ணெய் தேய்த்து மாடி வெயிலில் உட்கார வைப்பேன். கண்ணை மூடிக்கொள்வாள். பஞ்சால் மெல்லத் தொடுவேன்.

"முழங்கை!"

...

"கால் கட்டை விரல்! அப்பா, கூசுது!"

அந்த வெயில், தேங்காய் எண்ணெய் வாசம், அந்தச் சிரிப்பு... இன்னும் அரைத் தூக்கத்தில் வந்து போகிறது.

அவளுக்கு எதுவும் வரவில்லை. இப்போது சந்தாபுராவில் குடித்தனம். இப்போதெல்லாம் வீட்டில் ஒருவருக்கு வந்தால், கூட இருப்பவர்களுக்கும் முன்கூட்டியே மாத்திரை தருகிறார்களாம். எனக்கு அன்று பஞ்சுதான் கிடைத்தது.

போன ஞாயிறு அவள் தன் குட்டிக்கு அதே விளையாட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். "மூக்கு!" என்று கத்தியது குட்டி.

நித்யா என் பக்கம் திரும்பினாள். "நான் சிரிச்சுக்கிட்டே இருப்பேன். நீ மட்டும் ஏம்ப்பா மூஞ்சிய அப்படி வெச்சிருப்ப?"

"என் மூஞ்சியே அப்படித்தாம்மா," என்றேன்.

நீ இடத்தைச் சொல்கிற வரைக்கும் ஒரு தடவைகூட நான் மூச்சு விட்டதில்லை என்பதை... சொல்லவில்லை.