ஜன்னல் இல்லாத கேபின்

கப்பலில் போகலாம் என்று முதலில் சொன்னது என் மாமனார்தான். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவர், மென்று முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

“காலம் பூரா பூமிக்கு அடியில தண்ணி தேடிட்டே இருந்துட்டேன். மேல கெடக்கற தண்ணிய ஒருக்கா பாக்கோணும். எல்லாருமா போலாம்.”

எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் தொழில். திருச்செங்கோட்டில் துளை போடும் ரிக் லாரி வைத்திருக்கிறோம் என்றால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மாமனார் ஆரம்பித்ததை இப்போது என் கணவரும் கொழுந்தனாரும் பார்க்கிறார்கள். மாமியார் இல்லை. கொழுந்தனாரின் மனைவி, என் ஓரகத்தி, டிகிரி படித்தவள். நான் எட்டாவதோடு நின்றவள். ஆறாவது ஆள் என் மகள். ஒன்பது வயது. அவளுக்கு ஆட்டிசம்.

‘எல்லாருமா’ என்ற சொல்லில் என் காது நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாரும் என்றால் என்னையும் மகளையும் தவிர எல்லாரும் என்று அர்த்தம். கல்யாணம், வீடு குடி போவது, கோயில், எதுவானாலும் அப்படித்தான். யாரும் எங்களை இருக்கச் சொன்னதில்லை. அவர்கள் சொல்வதற்கு முன்னால் “நீங்க போயிட்டு வாங்க” என்று நானே சொல்லிவிடுவேன். அன்றைக்கும் வாயைத் திறந்தேன். மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பாப்பா வராம நானும் வரமாட்டேன்.”

அவ்வளவுதான். ஒரு கப்பல் முழுக்க என் மகளின் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயந்திருக்கவாவது வேண்டும். இரண்டும் வரவில்லை. “என்னங்கக்கா, ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறீங்க?” என்று ஓரகத்தி கேட்டாள். “சட்னி போதுமா?” என்று கேட்டேன்.

போர் போடும் இடத்தில் கம்ப்ரசர் ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். முதல் பத்து நிமிடம் காது வலிக்கும். அப்புறம் அது ஓடுவதே தெரியாது. நிறுத்தினால்தான், ஓ, இத்தனை நேரம் ஓடியதா என்று இருக்கும். என் கவலை அந்த மாதிரி. வருடக்கணக்கில் ஓடுகிறது. எனக்குச் சத்தம் கேட்பதில்லை, கை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு நோட்டை எடுத்து, கப்பலில் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்தேன். நான்கு பக்கம் வந்தது.

கணவர் அதை வாங்கிப் படித்தார். “ஏம்புள்ள, கப்பல் கவுந்தா என்ன பண்றதுன்னு பதினோராவதா போட்டிருக்கற. தயிர் கெடைக்குமான்னு முதல்ல போட்டிருக்கற.”

“கவுந்தா எல்லாருக்குந்தானுங்க. தயிர் இல்லீன்னா இவளுக்கு மட்டுந்தான் பட்டினி.”

அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மதியம் சாப்பிட்டதும் மகள் வீட்டுப் பக்கத்தில் நிற்கும் பழைய ரிக் லாரியில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுத்துக்கொள்வாள். கம்ப்ரசர் பழுதாகி வெகுநாளாக வேலைக்குப் போகாத வண்டி. அந்த ஒரு மணி நேரந்தான் எனக்குக் கை ஓயும். அந்த நேரம் பார்த்து ஓரகத்தி டிக்கெட் போடுகிறவருக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் வைத்தாள். சென்னையில் ஏறி, கடலில் மூன்று நாள் இருந்துவிட்டு, ஏறின இடத்திலேயே இறங்குவது. தயிர் உண்டு என்றார். மகள் சாப்பிடும் நீல நிறத் தட்டை வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்றார். நல்ல மனிதர், எதற்கும் சலிக்கவில்லை. கடைசியில் அவர் ஒன்று கேட்டார்.

“கடல் தெரியற மாதிரி ஜன்னல் வெச்ச கேபின் வேணுங்களா மேடம், இல்ல ஜன்னல் இல்லாத கேபின் போதுங்களா?”

“ஜன்னல் இல்லாத கேபின்ல டிரைவர் எப்படீங்க ரோட்டப் பாப்பாரு?” என்று கேட்டுவிட்டேன்.

ஓரகத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். “அக்கா, கேபின்னா நாம படுக்கற ரூமுங்க” என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அந்த மனிதரோ, “டிரைவர் தனியா இருப்பாருங்க மேடம்” என்றார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்குக் கேபின் என்றால் லாரியின் முன்பக்கந்தான். டிரைவர் சீட்டும் அதற்குப் பின்னால் ஆள் படுக்கிற பலகையும். எங்கள் ஊரில் அதைக் கட்டுவதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. கொழுந்தனார் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், “அண்ணி, கப்பலுக்குக் கிளீனர் இருக்கறானா கேட்டீங்களா? பஞ்சர் ஆனா யாரு பாக்கறது?” என்பார். நானும் சிரித்தேன். ஆனால் இனிமேல் இந்தச் சொல்லைத் தப்பாகச் சொல்லக் கூடாது என்று மனதில் வைத்துக்கொண்டேன். எட்டாவதோடு நின்றவர்களுக்கு இந்த ரோஷம் உண்டு.

அந்த ரோஷம்தான் பிசகு செய்தது.

மகளிடம் எதையும் வாயால் சொன்னால் ஏறாது. நாமக்கல்லில் அவள் போகும் பயிற்சி மையத்து டீச்சர், படத்தைக் காட்டிச் சொல்லப் பழக்கியிருந்தார். நடக்கப் போவதை வரிசையாக அட்டைகளில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நானும் ஒட்டினேன். கார். ரோடு. கப்பல். படிக்கட்டு. பிறகு வெள்ளை விரிப்பு போட்ட ஒரு கட்டில். கடைசியில் நீலத் தட்டில் தயிர் சோறு. கட்டில் படத்துக்கு ‘ரூமு’ என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் ‘கேபின்’ என்றேன்.

புது அட்டை எது கொடுத்தாலும் கீழே போட்டுவிடுகிறவள், கட்டில் அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவளே சொன்னாள். “கேபின்.”

மாதத்துக்கு ஒரு புதுச் சொல் வந்தாலே எங்களுக்குப் பெரிய விசயம். மாமனார் தெரு முழுக்கப் போய்ச் சொன்னார். “எம்பேத்தி கப்பலுக்கு ரெடியாயிட்டா.” அவள் அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் நோட்டில் ஐந்தாவது பக்கத்துக்குப் போயிருந்தேன்.

டிக்கெட் போட்டவர் ஒரு நாள் கூப்பிட்டு, ஏறின அன்றைக்கே ஆபத்துக்கு ஒத்திகை மாதிரி ஒரு சங்கு ஊதுவார்கள், ஏழு தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக, குழந்தை பயந்துவிடப் போகிறது என்று எச்சரித்தார். என் மகள் குக்கர் விசில் வந்தாலே காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுகிறவள்.

“ஆரன் சத்தந்தான? நம்மகிட்ட இல்லாத ஆரனா?” என்றார் கணவர். இப்போதே பழக்கிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் வாசலில் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு சின்னது, ஒன்று நீளம். பக்கத்து வீட்டு மாடு கயிற்றை இழுத்தது.

மகள் காதைப் பொத்தவில்லை. என் கையை உருவிக்கொண்டு நேராக வண்டிக்குப் போனாள். ஏறி, அப்பாவைத் தாண்டி, பின்னால் இருந்த பலகையில் படுத்தாள். இடுப்பில் செருகியிருந்த கட்டில் அட்டையை எடுத்துத் தலைமாட்டில் சாய்த்து வைத்தாள்.

“கேபின்.”

“பாத்தியா, தயாராயிட்டா!” என்று கணவர் சிரித்தார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அவள் கப்பலுக்குத் தயாராகவில்லை. இந்த வண்டியில் வெள்ளை விரிப்பு போட்டு, தயிர் சோறு கொடுத்து, எல்லாருமாக எங்கேயோ கூட்டிப் போகப் போகிறோம் என்றுதான் இத்தனை நாளும் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். போனில் நான் செய்த தப்பையே அவளும் செய்திருந்தாள்; வீட்டில் கேட்டுப் பழகிய கேபின் அவளுக்கும் இந்த வண்டிதான். என்னை ஓரகத்தி திருத்தினாள். அவளை யாரும் திருத்தவில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து, அவள் தப்பாகப் புரிந்துகொண்டதையும் அதை நான் திருத்தப் போவதையும் சொன்னேன்.

“சொல்லாம இருந்துருங்கக்கா. ஏறிட்டா சரியாப் போயிரும்” என்றாள் ஓரகத்தி.

“ரூமக் காட்டுனா அவளே புரிஞ்சுக்குவா” என்றார் கணவர்.

புரிந்துகொள்ளமாட்டாள். துறைமுகத்தில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் எங்கள் வண்டியைத் தேடுவாள். அதைக்கூடச் சமாளித்துவிடலாம், எத்தனையோ சமாளித்திருக்கிறேன். ஆனால் எனக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சு என்று இருப்பதே இந்த அட்டைகள்தான். அட்டையில் இருந்தால் நடக்கும் என்று நம்புகிறாள். அதில் ஒரு பொய் போய்விட்டால் அதற்குப் பிறகு நான் எதை வைத்து அவளோடு பேசுவது? இதையெல்லாம் இவ்வளவு கோர்வையாகச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. “அட்டை பொய்யாயிருமுங்க” என்று மட்டும் சொன்னதாக நினைப்பு.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொன்னால் அவள் வராமல் போகலாம் என்று அவருக்கும் தெரியும். “உனக்கு எது சரின்னு படுதோ செய்யி, அம்மிணி” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் வண்டியைப் போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டி, அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டேன். பெருக்கல் குறி போட்டால் ‘இல்லை’ என்று அவளுக்குத் தெரியும். கத்துவாள் என்று ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, அந்த அட்டையை வரிசையில் கட்டில் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கத்தவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கார் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். ரோடு. கப்பல். படிக்கட்டு. கட்டில். தயிர் சோறு. ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, என் விரல்களை அவற்றின் மேல் மடக்கி மூடினாள். வண்டியில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் அவள் எனக்கு இத்தனை தெளிவாகப் பதில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகும் பத்து நாள் முயன்றோம். மோகனூருக்குக் கூட்டிப் போய் ஆற்றில் பரிசல் காட்டினோம். காரை விட்டு இறங்கவில்லை. கப்பல் படம் கொடுத்தால் திரும்ப என் கையில் வைத்து மூடினாள்.

“நீங்க போயிட்டு வாங்க மாமா” என்றேன்.

“பாப்பா வராம வரமாட்டேன்னு சொன்னனே கண்ணு.”

“சொன்னீங்க. நான் மறந்துட்டேன், நீங்களும் மறந்துருங்க.”

அவர் இன்னும் ஒரு தடவை மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. கணவர் தான் இருந்துகொள்வதாகச் சொன்னார். மாமனாரைப் படிக்கட்டில் யார் பிடிப்பது என்று கேட்டேன். அவரும் சட்டென்று சரி என்றுவிட்டார். கோபம் வருகிறதா என்று எனக்குள் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான்கு பேருக்கும் புளிசாதம் கட்டினேன், மாமனாரின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்தேன். “போயிட்டு வாரேன் சாமி” என்று மாமனார் மகளின் தலையைத் தொட்டார். அவள் காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் நானும் வண்டியில் ஏறினேன். பலகையில் வெள்ளை விரிப்பு போட்டு, நீலத் தட்டில் தயிர் சோறு வைத்தேன். அட்டையில் இருந்ததில் நடத்தக் கூடியது இந்த இரண்டுந்தான். அவள் சாப்பிட்டு முடித்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போது போனில் வீடியோ கால் வந்தது. மாமனார். படத்தில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

“ஏறிட்டோம் அம்மிணி. கேபின்ல ஜன்னலே இல்ல. நீ கேட்டது நியாயந்தான்.”

சிரிப்பதற்குள் அங்கே சங்கு ஊத ஆரம்பித்தது. ஏழு சின்னது, ஒன்று நீளம். போனிலேயே காது அடைத்தது. நான் மகளின் காதைப் பொத்தக் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஏழு சின்னது. எண்ணிக்கை தவறவில்லை. பிறகு நீளமாக ஒன்று.

அங்கே சங்கு நின்றிருந்தது. மாமனாரின் நெற்றி போய்க் காது தெரிந்தது.

“யாரு அது? நம்ம வண்டியா?”

“ஆமாங்க மாமா. நம்ம வண்டிதான்.”

மகள் கையை எடுக்கவில்லை, ஆரன் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. பேட்டரி இறங்கிவிடுமே என்றுதான் எனக்குத் தோன்றியது.