நானூறு ரூபாய்க்கு ஒரு டிபி

துபாயில் இருக்கும் மாமாவால் அக்கா கல்யாணத்துக்கு வர முடியவில்லை. நாளை அங்கே கிளம்பும் அவர் நண்பரிடம் வீடியோவைக் கொடுத்தனுப்ப, வலங்கைமானில் நானூறு ரூபாய்க்கு 'ஒரு டிபி', அதாவது ஆயிரம் ஜிபி, என்று எழுதியிருந்த பென்டிரைவ் வாங்கினேன்.

வீட்டில் ஏற்றிப் பார்த்தால் மாப்பிள்ளை அழைப்பு வரை ஓடுகிறது. தாலி கட்டும் பகுதி திறக்கவே இல்லை.

இன்று அதை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போய்ச் சொன்னேன்.

"எத்தனாவது படிச்சிருக்க பாப்பா?" என்றார் கடைக்காரர்.

"ஒன்பதாவதோட நின்னுட்டேன்."

"அதான் காப்பி பண்ணத் தெரியல."

முகம் சுட்டது. ஆனாலும் நகரவில்லை. "அப்ப நீங்களே புதுசு ஒண்ணப் பிரிச்சு, இருபது ஜிபி படம் ஏத்தித் திறந்து காட்டுங்கண்ணே" என்றேன்.

ஒரு மணி நேரம் ஏறியது. நின்றுகொண்டே இருந்தேன். முதல் எட்டு ஜிபிக்குப் பிறகு ஏறிய ஒரு படமும் திறக்கவில்லை. வெளியே எழுதியிருந்தது ஒரு டிபி, உள்ளே இருந்த இடம் எட்டு ஜிபிதான்.

டிராக்டருக்குப் பாட்டு ஏற்ற வந்தவர் எட்டிப் பார்த்தார். "ஏண்ணே, உழவு ஓட்டுறப்ப என் பாட்டு பாதி காணாமப் போனதும் இதனாலதானா?"

கடைக்காரர் சட்டென்று என்னுடையதற்குப் பதிலாக, அதே விலைக்கு அசல் 64 ஜிபியை எடுத்து நீட்டினார். "வெளியில யாருகிட்டயும் சொல்லாத பாப்பா."

நான் தலையாட்டவில்லை. பேசத்தான் எனக்குக் கூச்சம். எழுதுவதற்கு என்ன?

உங்கள் வீட்டில் யாராவது 'ஒரு டிபி' வாங்கியிருந்தால், கடைசியாக ஏற்றியதைத் திறந்து பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.