இடி விழுந்த மரமும் நாலு மங்கும்

இருதயமேரியைப் பற்றிப் பெரிய பாலத் தோட்டத்தில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பிழைக்கத் தெரியாதவள் என்று ஒரு கூட்டம். கும்பிட வேண்டியவள் என்று இன்னொரு கூட்டம். இரண்டும் தப்பு. அவள் களைத்துப்போன ஒரு பெண், அவ்வளவுதான். முப்பத்தொரு வயதில் அறுபது வயதின் களைப்பு. கும்பிட வேண்டியவள் என்று சொன்னவர்களில் ஒருவராவது அந்தக் கிழவரின் அழுக்குத் துணியை ஒரு நாள் வாங்கித் துவைத்துக் கொடுத்ததாகக் கேள்வியில்லை.

கிழவர் அவளுடைய மாமனார், சூசைநாதன். சிலிம் ரிவர் ஸ்டேஷனிலிருந்து நாலு கல் உள்ளே, காட்டை அழித்து அந்த ரப்பர்த் தோட்டத்தை உண்டாக்கியவர்களில் ஒருவர். பதினைந்து வயதில் அவளைத் திருச்சிப் பக்கமிருந்து கப்பலேற்றி வந்து தன் மகன் ஆம்புரோசுக்குக் கட்டிவைத்ததும் அவர்தான். பெரிய காய்ச்சல் வந்த வருஷம் ஆம்புரோசும் கைக்குழந்தையும் ஒரே வாரத்தில் போனார்கள். அதே காய்ச்சலில் அவளும் நினைவின்றிக் கிடந்தாள். மகனைப் புதைத்த கையோடு வந்து, குழந்தைக்குப் பால் புகட்டிய சங்கில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி, ஒன்பது நாள் அவளுக்குப் புகட்டினார் சூசைநாதன். அவள் பிழைத்தாள். பிழைத்ததற்காகக் கொஞ்ச நாள் அவர் மேல் கோபமாகக்கூட இருந்தாள்.

அப்புறம் ஐந்தாறு வருஷம் மாமனாரும் மருமகளுமாகப் பால் வெட்டிக் காலம் ஓடியது. பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் வெற்றிலைப் பையை மறந்தார். பிறகு கிழமையை. பிறகு மகன் செத்ததை.

"ஆம்புரோசு பெரட்டுக்குப் போயிட்டானா?" என்று விடியற்காலையில் கேட்பார். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தால் தோட்டமே எழுந்துகொள்ளும். அவர் அதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பார். முதல் மூன்று தடவை அவள் உண்மையைச் சொன்னாள். மூன்று தடவையும் அவர் அன்றுதான் சேதி வந்ததுபோல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நாலாவது தடவை, "போயிட்டாரு மாமா" என்றாள். அன்றிலிருந்து அதுவே பதில்.

வேலைக்குப் போக முடியாத அவரைப் பகலில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டு முத்தம்மா பார்த்துக்கொண்டாள். தாய்மார் வேலைக்காட்டுக்குப் போனபின் பிள்ளைகளை வைத்திருக்கும் ஆயாக் கொட்டகை அவள் பொறுப்பு. "பதினோரு புள்ளைங்க இருக்கு. உங்க மாமனாரோட பன்னெண்டுலா. ஆனா இந்தப் பன்னெண்டாவது புள்ளதான் ஓடிருது" என்பாள்.

ஓடித்தான் போனார். ஒரு நாள் ஆறாம் நம்பர் காட்டில் பதினேழு மரத்தை வெட்டிவிட்டார். வெட்டு என்றால் சாய்த்துவிடவில்லை; பாலுக்காகப் பட்டையைச் சீவினார். ஆனால் தோட்டம் தொடங்கிய காலத்துப் பழைய துரை கற்றுக்கொடுத்த மீன்முள் வெட்டு. நடுவில் நேராக ஒரு கோடு, இரண்டு பக்கமும் முள் முள்ளாகச் சாய்ந்த கோடுகள். அந்த வெட்டை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இப்போது ஒரு பக்கம் ஒரே சாய்வு, காகிதம்போலச் சீவ வேண்டும். பதினேழு இளமரமும் மீன்முள்ளோடு நின்றதைப் பார்த்த புதுத் துரை, யாரோ வேண்டுமென்றே செய்த நாசம் என்று குதித்தார்.

கங்காணி ராமையாதான் இடையில் விழுந்து சமாதானம் செய்தார். "இந்தாம்மா மேரி, இன்னொரு வாட்டி ஆச்சுன்னா என்னால முடியாது. அந்த ஆளக் கட்டிப் போடு."

"கட்டிப் போட அவரு மாடா அண்ணே? ஒரு மரம் குடுங்க. லயத்துக்குப் பின்னாடி இடி விழுந்து ஒண்ணு நிக்குதே, அது போதும்."

கங்காணி கேட்டுச் சொன்னார். பட்ட மரத்தால் துரைக்கு என்ன நஷ்டம்? சரி என்றுவிட்டார்.

இருதயமேரி ஒரு மழுங்கிய கத்தியைத் தேடிக் கொடுத்தாள். பால் வடியும் மங்குகளில் விளிம்பு உடைந்த நாலைப் பொறுக்கிவந்து கம்பியால் மரத்தில் கட்டினாள். முதல் நாள் கிழவர் சந்தோஷமாக வெட்டினார். பட்ட மரத்தில் பால் எங்கே வரும்? மங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பால் வருகிற மரத்தைத் தேடிக் கிளம்பிவிட்டார். முத்தம்மா கைப்பிள்ளையோடு ஓடிப்போய்ப் பிடித்துவந்தாள்.

மறுநாள் சோறு வடித்த கஞ்சித் தண்ணீரை இருதயமேரி வாளியில் எடுத்துப்போய், அவர் வருமுன் நாலு மங்கிலும் ஊற்றிவைத்தாள். உப்புப் போட்டு அவள் குடித்துவிட்டு வேலைக்குப் போகும் கஞ்சி அது. மதியம் வரை அவள் வயிற்றுக்கு வேறு எதுவும் கிடையாது. கிழவர் வந்து சீவினார். மங்குக்குள் எட்டிப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அன்று எங்கும் ஓடவில்லை.

அப்படியே ஒன்றரை வருஷம்.

தினமும் அவரைக் குளிப்பாட்டினாள். சில நாள் அவளைத் திருடி என்று வைது கையைக் கடித்தார். ஊட்டிய சோற்றை முகத்தில் துப்பினார். ஒரு நாள் அவளும் அறைந்துவிட்டாள்; அறைந்த கையைத் தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். கிழவர் அவள் அழுவதைப் பார்த்துத் தானும் அழுதார், எதற்கென்று தெரியாமல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூசை வைக்க வரும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில், "மாமா செத்துப் போவணும்னு ஜெபம் பண்ணுனேன் சாமி" என்றாள். சாமியார் மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். அவள் முப்பது சொன்னாள். அடுத்த வாரமும் அதே ஜெபம்தான் வாயில் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் மழைக்காலத்தில் அவளுக்கு மலேரியா கண்டது. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கஞ்சி வடிக்க ஆளில்லை. மங்குகளில் மழைத் தண்ணீர்தான் நின்றது. மூன்றாம் நாள் கிழவரைக் காணவில்லை. தேடிப் பிடித்தபோது புதுக் காட்டில் எட்டு மரத்தில் மீன்முள் போட்டிருந்தார்.

துரை இந்தத் தடவை குதிக்கவில்லை. கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். கிழவர் ஈப்போப் பக்கத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். கிராணி படித்துச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் என்று இருதயமேரி பெருவிரலை மையில் தொட்டுக் கைநாட்டு வைத்தாள்.

அழுதிருப்பாள் என்று நினைப்பீர்கள். இல்லை. அப்பாடா என்றிருந்தது. திங்கட்கிழமை அவரை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போக வண்டி வரும், செவ்வாய்க்கிழமை படுத்துத் தூங்கலாம். வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அந்தத் தூக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை விடிந்தது. சோறு வடித்தாள். இன்றோடு முடிந்தது, இனி யாருக்கு மங்கில் ஊற்ற வேண்டும் என்று, உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணீரைத் தானே குடித்தாள். சுடச்சுட, கடைசிச் சொட்டு வரைக்கும். எத்தனை மாதம் கழித்து! பிறகு அவருடைய வெள்ளை வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

கிழவர் வெட்டி முடித்துவிட்டு வேரில் உட்கார்ந்திருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். யாரென்று தெரியவில்லை.

"உக்காரு தாயி. எந்த லயம் நீ?"

"கடைசி லயம்."

"அங்கதான் ஒரு பொண்ணு இருக்கு. தெனம் விடியமுன்ன வந்து இந்த மங்குல கஞ்சித் தண்ணிய ஊத்திட்டுப் போவும். நான் பாலுன்னு நம்பணுமாம்." பொக்கை வாயால் சிரித்தார். "எத்தன வருஷமா பால் வெட்டுறேன். பாலுக்கும் கஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

இருதயமேரி வேட்டியோடு பக்கத்து வேரில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அதுக்கு மனசு நோவும்லா. நான் எந்திரிச்சுப் போனாலும் அழுவும். அதான் உக்காந்துக்குறது." குரலைத் தாழ்த்தினார். "அது குடிக்கிற கஞ்சி தாயி. பட்டினியா வேலைக்காட்டுக்குப் போவுது. ஒவ்வொரு நாளும் மங்கப் பாத்தா எனக்கு வயிறு எரியும். இன்னைக்குப் பாரு, நாலும் காலி. அப்பாடான்னு இருக்கு. இன்னைக்காச்சும் அது குடிச்சிருக்கும்."

எத்தனை நாளாக அது அவருக்குத் தெரியும், அன்று ஒரு நாள்தான் புத்தி தெளிந்ததா, யார் கண்டது? கிழவரின் மறதி திரும்பிவந்தது. வேட்டியைப் பார்த்து, "ஆம்புரோசு பெரட்டுக்குப் போயிட்டானா?" என்றார்.

"போயிட்டாரு மாமா."

சடக்குப் பாதையிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. அவள் வீட்டுக்குப் போனாள். ஒரு பானை, இரண்டு பாய், மாதா படம், சங்கு. எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினாள். முத்தம்மா கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னாடி இது? அவரத்தானே ஏத்தணும்? நீ எங்க போற?"

"ரெண்டு பேரும்தான் போறோம் அக்கா."

"வேலைய விட்டுட்டா? எங்க போயி, என்னா திம்பீங்க?"

"தெரியல."

"உனக்கும் மூள கலங்கிருச்சுலா!" என்று முத்தம்மா அழுதுகொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே அரைப்படி அரிசியை மூட்டைக்குள் திணித்தாள்.

சிலிம் ரிவரில் ரயிலேறி இருவரும் ஈப்போவுக்குத்தான் போனார்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்கு அல்ல. ரயில்பாதை ஓரத்தில் ஒரு பலகை வீட்டின் பின்கட்டில் குடியிருந்துகொண்டு, ஊரார் துணியைத் துவைத்து அவரைக் காப்பாற்றினாள். இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். கடிப்பதும் துப்புவதும் குறையவில்லை, கூடிற்று. அவர் செத்துப் போகட்டும் என்ற ஜெபத்தை அவளும் முழுக்க விட்டுவிடவில்லை. அவர் செத்த அன்று தூங்கினாள், மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். அந்தத் தூக்கத்தையும் குறை சொன்னவர்கள் உண்டு.

இதெல்லாம் பிற்பாடு. அன்று வண்டி தோட்டத்துப் பாலத்தைத் தாண்டியபோது கிழவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம வந்துட்டமே. தேடும்லா."

"சொல்லிட்டேன் மாமா."

"என்னா சொல்லுச்சு?"

இருதயமேரி அவர் தோளிலிருந்து சரிந்த துண்டை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

"வயிறாரக் கஞ்சி குடிச்சிட்டேன்னு சொல்லுச்சு."