என் மாத்திரை, அக்காவின் வயிறு

எங்கள் அசெம்பிளி லைனில் கழிவறைக்குப் போகக் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் வந்து நம் இடத்தில் நின்றால்தான் நகரலாம். அவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. அதனால் பாதிப் பெண்கள் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் கம்பெனி பஸ் ஏறுகிறோம். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

பஸ் வடக்குப்பட்டைத் தாண்டும்போதே எனக்கு வயிறு முறுக்கும். ஒரு வாரம் பேதி, மறுவாரம் மலச்சிக்கல், எந்நேரமும் உப்புசம். போய்வந்தால் வலி தணியும், மறுபடி வரும். புற்றுநோய்தான் என்று முடிவுகட்டி அழுதிருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார், ரத்தமும் மலமும் பரிசோதித்தார், பிறகு ஐ.பி.எஸ்., குடல் எரிச்சல் நோய் என்று மாத்திரை கொடுத்தார்.

"இது ஆளைக் கொல்லாது. உன் குடல் கொஞ்சம் ரோஷக்காரி, அவ்வளவுதான். பட்டினி கிடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, பால் டீயைக் குறை, பயத்தையும் குறை. ஆனா மலத்துல ரத்தம் வந்தாலோ, காரணமில்லாம இளைச்சாலோ அது வேற விஷயம். உடனே வரணும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லாக்கர் அறையில் எல்லோரிடமும் சொன்னேன்.

"போலீஸ் ஆபீசர் ஆயிட்டியா?" என்று சிரித்தார் அக்கா. மணிமங்கலத்துக்காரர், லைனில் எனக்கு அடுத்த இடம். "எனக்கும் அதேதான்டி. வயிறு வலிச்சிக்கினே கீது. ரெண்டு மாத்திரை குடு."

எங்களுக்குள் ஊறுகாய், சேஃப்டி பின், மாத்திரை எல்லாம் பொது. கொடுத்தேன். அதன்பின் யார் கேட்டாலும் அக்கா என் நோயின் பெயரையே சொன்னார்.

நான் இட்லி சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தேன், மெல்லத் தேறினேன். அக்காவின் பேன்ட் இடுப்பில் நிற்காமல் சேஃப்டி பின் ஏறியது. பிறகு இன்னொரு பின். "டயட்டாக்கா?" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மா சொன்னது காதிலேயே நின்றது. இன்று சாப்பாட்டு நேரத்தில் தனியாக இழுத்துக் கேட்டேன்.

"ரத்தம் போவுதாக்கா?"

"போவுது, கொஞ்ச நாளா. சூடுதான், மோர் குடிச்சா சரியாப்பூடும். சத்தமா பேசாதே, கான்ட்ராக்ட் ரினியூவல் வருது."

இன்றே டாக்டரிடம் போகலாம் என்றேன். ஷிப்ட் முடியட்டும் என்றார்.

அவ்வளவு நேரம் தாங்கவில்லை. சாப்பாடு முடிந்து லைன் ஓடும்போது அக்கா கையைத் தூக்கினார். ரிலீவர் வரவில்லை. முகம் வெளுத்து, மேசையைப் பிடித்தபடி நின்றார். தூக்கிய கையை மட்டும் இறக்கவில்லை. நான் சிவப்பு பட்டனை அடித்தேன். மொத்த லைனும் நின்றது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "லைனை நிறுத்தினது யாரு? அவளுக்கு அந்த ஐ.பி.எஸ்.தானே? மாத்திரை போட்டுக்கினு நிக்கச் சொல்லு!"

"சார், அது என் வியாதி" என்றேன். "அக்காவுக்கு இன்னான்னு இன்னும் யாருமே பாக்கலை."

அக்கா என் தோளில் சாய்ந்தார். ஒரு பிள்ளையின் கனம்கூட இல்லை.