ஏப்பக்காரி

பேச்சு வேண்டாம் என்று படகுக்காரருக்குக் கையைக் காட்டிவிட்டு, படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விடுகிறாள். உள்ளே கவிழ்த்த புனல் ஒன்று தொங்குகிறது. அதன் உச்சியில் செருகிய குப்பியில், ஏரியின் அடியிலிருந்து எழுந்த குமிழிகள் சேர்ந்திருக்கும். நீருக்குள்ளேயே குப்பியைக் கழற்றி மூடி, தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் எடுக்கிறாள்.

அணை கட்டியபோது மூழ்கிய காடு அடியில் இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது. அது விடும் மீத்தேன் உலகைச் சூடாக்கும். புகையில்லாத மின்சாரம் என்று எல்லோரும் மெச்சும் சரக்கில் எவ்வளவு புகை ஒளிந்திருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. யார் கேட்டாலும் ஒரே விளக்கம்தான்: "ஏரி கண்டதையும் முழுங்கிடுச்சு. செரிக்கல. ஏப்பம் விடுது." மின்நிலையத்தில் அவளுக்கு ஏப்பக்காரி என்றே பெயர். போனை எடுத்தால் அவளே, "ஏப்பக்காரி பேசுறேன்" என்பாள். கரையில் வாயாடி, தண்ணீரில் ஊமை. சோடா குடிக்கமாட்டாள். நாள் முழுக்கக் குமிழியைப் பார்த்தது போதாதா என்பாள்.

பெயர் வைத்தவன் அவள் தம்பி. அதே நிலையத்தில் டர்பைன் பார்க்கிறவன். ஞாயிறு மதியம் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. ஒரு பருவத்தில், ஆறு ஏரிக்குள் நுழையும் இடத்தில் அவள் அளந்த எண், நிலக்கரியே தேவலை என்று சொல்லும்படி இருந்தது. நிலையத்தை மூடிவிடலாமா என்று மேலிடம் யோசித்தது. கொஞ்சம் குறைத்து எழுதக் கூடாதா என்று தம்பி மனைவி கேட்டாள். அளந்ததைத்தான் சொல்லமுடியும் என்றாள் இவள். வாசலில் நின்ற தம்பி, "கூடப் பொறந்தவளே வயித்துல அடிக்கிறா" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், அப்புறம் வரவில்லை.

மறுபடி அளக்கப் போன ஒரு மத்தியானம், படகுக்காரர் வழக்கம்போல் நங்கூரம் போட்டார். அது சேற்றில் இறங்கியதும் சுற்றிலும் தண்ணீர் உலைபோல் கொதித்தது. எத்தனையோ முறை பார்த்த காட்சி. ஏரியின் குணம் என்றே நினைத்திருந்தாள். அன்றுதான் உறைத்தது. படகு ஆடக் கூடாதென்று, புனலுக்குப் பக்கத்திலேயே நங்கூரம் போடச் சொன்னது அவள்தான். சேற்றைக் கிளறி, கிளம்பிய வாயுவை ஏரியின் தலையில் கட்டியிருக்கிறாள்.

"நானே வயித்துல குத்திட்டு, நானே ஏப்பம்னு எழுதிருக்கேன்" என்றாள். தண்ணீரில் அவள் பேசிப் படகுக்காரர் கேட்டது அதுதான் முதல் தடவை.

தவறு தன்னுடையது என்று மேலிடத்துக்கு எழுதினாள். இரு கரைக்கும் குறுக்கே கயிறு கட்டி, அதைப் பிடித்தே படகை நகர்த்தி, ஒரு பருவம் முழுக்க அளந்தாள். எண் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அலுவலகத்தில் ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். மானம் போனாலும் மனசு லேசாகிவிட்டது. மூடும் பேச்சைக் கைவிட்டதாகச் செய்தி வந்த சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டாள்.

"சுத்தம்னு சொல்லலடா. ஏப்பம் இருக்கு. பயந்த அளவு இல்ல."

டர்பைன் சத்தத்துக்கு மேலே தம்பி குரலை உயர்த்தினான்.

"அன்னிக்கே ஒழுங்கா அளந்திருக்கலாம்ல."

"அளந்திருக்கலாம்."

மறுநாள் ஞாயிறு. துணி துவைத்தாள். மழை வரும்போல் இருந்ததால் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டாள். உச்சிப் பொழுதுக்கு முன்பே தம்பி வந்தான். ஈரத் துணிகளுக்கு அடியில் குனிந்து நேராக அடுக்களைக்குப் போய், அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தான்.