கூடைக்கு அடியில் வைத்த மருந்து

ராஜபாளையத்து நூற்பாலையொன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பின், ஸ்ரீவில்லிபுத்தூரில் மூடப்பட்ட ஐஸ்கிரீம் கடையின் ஃப்ரீசர் பெட்டியை வாங்கி வந்து ஃப்ரிட்ஜாக மாற்றினேன். வெப்பத்தை அளக்கும் சென்சாரை உள்ளே தொங்கவிட்டு, நான்கு டிகிரியில் மின்சாரம் தானே நிற்கும்படி ஒரு கருவியைப் பொருத்தினேன். மூடி மேலே இருப்பதால் திறந்தாலும் குளிர் வெளியே கொட்டாது. குளிர்ந்த காற்று கனமானது, அடியிலேயே தங்கும். வந்தவர்க்கெல்லாம் இதை விளக்கினேன். மின்சாரச் செலவு பாதிக்கும் கீழே இறங்கவே, பழைய ஃப்ரிட்ஜை மைத்துனன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

கணவனை இழந்த என் தங்கை எங்களோடு இருந்தாள். காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்பவள். பெட்டியின் மேற்பகுதியில் தொங்கும் கம்பிக்கூடையில் மருந்தை வைக்கப் போனவளை என் மனைவி தடுத்தாள்.

"கூடையில சாமிக்கு வச்ச பாலும் பூவும் இருக்கு. ஊசி மருந்த அதுகூட வைக்காத. அடியில போட்டுக்க."

"குனிஞ்சா எட்ட மாட்டேங்கு மதினி."

"குனிஞ்சு பழகு. எட்டும்."

நான் தலையிடவில்லை. பால் கெடக்கூடாது என்பதே என் கவலையாக இருந்ததால், சென்சாரையும் கூடையோடு சேர்த்தே கட்டியிருந்தேன். மேலே நான்கு டிகிரி வரும்வரை பெட்டி ஓடியது. அதற்குள் அடிப்பாகம் உறைந்தது. ஊருக்கே நான் சொன்ன பாடம் என் வீட்டில் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு காலை அவள் வந்து நின்றாள். "அண்ணே, மருந்து கல்லாக் கெடக்கு."

"ஏட்டி, ஐஸு கரைஞ்சா தண்ணிதான? மருந்து எங்க ஓடிரும்?"

"ஒறைய விடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு."

"டாக்டரு ஃப்ரீசரப் பிரிச்சுப் பாத்திருக்காரா? நான் பிரிச்சிருக்கேன்."

என் மனைவி சிரித்தாள். தங்கை அந்தக் குப்பியை உள்ளங்கையில் பொத்திக் கரைத்து, ஊசி போட்டுக்கொண்டாள். அதன்பின் வாங்கியவையும் அதே அடியில் உறைந்தன; அவளும் கரைத்துக்கொண்டாள், ஆனால் மறுபடி என்னிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தாகம் மிகுந்தது. "குடத்துத் தண்ணி அம்புட்டையும் குடிச்சுத் தீத்துட்டா" என்று என் மனைவி பக்கத்து வீடு கேட்கும்படி சொன்னாள். செருப்புக் கடித்த சிறு புண் ஆறாமல் கறுத்தது. நாற்றம் வந்த பிறகே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவரிடம் கூட்டிச் சென்றேன். உறைந்த மருந்து வீரியமற்றது என்றார் அவர். வலது பாதத்தை எடுத்தார்கள்.

வீடு திரும்பிய அன்று சென்சாரை அடியில் இறக்கிக் கட்டினேன். கூடையிலேயே மருந்தை வைக்கலாம் என்றும் சொன்னேன். அவள் புது மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலோடு படியிறங்கி, ஃப்ரிட்ஜ் வைத்திருந்த பக்கத்து மளிகைக்கடைக்காரர் வீட்டுக்குப் போனாள். சுவருக்கு இப்பால் நின்றிருந்தேன். கடைக்காரரின் மனைவி கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"என்னக்கா, ஒங்க வீட்டுலதான் அண்ணன் பெருசா ஒண்ணு செஞ்சிருக்காகளே?"

"அது அவியளுக்குச் செஞ்சது" என்றாள் தங்கை. "எனக்கு இங்கன கொஞ்சம் எடம் கொடு."