பஞ்சர் கடைக்காரர் வாங்கிய குறைந்த மார்க்

அவர் பாளையம்பட்டி பஸ் ஸ்டாப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கறுப்பேறிய விரல்கள், நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. ஒட்டி முடித்த டியூபை ஒரு தடவைக்கு இரண்டு தடவை தண்ணீரில் முக்கிப் பார்த்த பிறகுதான் கொடுப்பார். பெயர் கேட்கக் கூடாது என்பது எங்கள் சர்வே விதி.

மருந்து, நோய் பற்றிய தகவல்கள் மக்களுக்கு எந்த அளவுக்குப் புரிகின்றன என்று பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்கிற சர்வே அது. அந்தத் தெருவில் எல்லோரும் 'சுலபம்' என்றார்கள். எனக்கும் வேலை மளமளவென்று முடிந்தது.

"டாக்டர் சொல்றது புரியறது சுலபமாண்ணே, கஷ்டமாண்ணே?"

"கஷ்டம்."

"மாத்திரை அட்டைய வாசிக்கிறது?"

"ரொம்பக் கஷ்டம்."

"என்னண்ணே, ஊரே சுலபம்ங்குது. நீங்க மட்டும் ஃபெயில் ஆயிருவீக போல."

"அவுக வாசிச்சுப் பாத்திருக்க மாட்டாக தம்பி. எங்க வீட்டுக்காரி தல சுத்தி ரெண்டு தடவ விழுந்துட்டா. ரெண்டு டாக்டரு, ரெண்டு பிரஷர் மாத்திரை, பேரு வேற வேற. பின்னாடி இருக்க பொடி எழுத்த எழுத்துக் கூட்டி வாசிச்சா, ரெண்டும் ஒரே மருந்து. கொண்டு போய்க் காமிச்சதும் டாக்டரே ஒண்ண நிப்பாட்டிட்டாரு. அதக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாளாச்சு. இத எப்பிடிப்பா சுலபம்னு சொல்ல?"

அவர் சொன்னபடியே போனில் பதில்களை அழுத்தினேன். 'சுலபம்' என்றால்தான் மார்க் ஏறும்; தெருவிலேயே குறைந்த மார்க் அவருக்குத்தான்.

பயிற்சி நாளன்று நானும் இதே படிவத்தை நிரப்பியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் 'சுலபம்'. என் அப்பா தினமும் என்ன மாத்திரை போடுகிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.